தேவர் மகன்: கோயில் பூட்டைத் திறந்தது ஆர்?

முறிகண்டியான்:
இஞ்ச ஒரு பெடியன் எழுதியிருக்கிறார், 'தேவர் மக'னில பெரியதேவர்தான் வில்லனாம். லண்டனில படிச்சுப்போட்டு வந்த மகனை ஊருக்குள்ள கட்டிப்போட்டுக் கெடுத்தவராம். படத்தைப் போனில துண்டு துண்டாப் பார்த்த ஆள் போல. பங்காளிப் பகையில பூட்டிக் கிடந்த கோயிலைத் திறந்தது ஆர்? மகன். வினை அதிலதான் துவங்கினது.

விசுவமடு வாசகன்:
அந்தப் பெடியன் நான்தான். பேரைச் சொல்லியே பேசலாம், அண்ணை. பூட்டைத் திறந்தது மகன் சக்தி இல்லை, வடிவேலு நடிச்ச இசக்கி. அதுக்குத்தான் அவன்ர கை போனது.

முறிகண்டியான்:
இசக்கி ஆற்றை ஆசைக்குத் திறந்தவன்? காதலி பானுவோட உள்ளுக்குப் போகவேணுமெண்டு நிண்டது ஆர்? சக்தி கேளாட்டி இசக்கிக்கு அந்தப் பூட்டில என்ன அலுவல்? 92 தீபாவளிக்கு வந்த படம். நாங்கள் ஜெனரேட்டர் பிடிச்சு வீடியோ டெக்கில விடிய விடியப் பார்த்தனாங்கள். எனக்குப் படிப்பிக்காதேங்கோ.

விசுவமடு வாசகன்:
டெக்கில பார்த்தால் இசக்கி சக்தியா மாறிடுவானோ?

கனகராயன்குளத்தார்:
பூட்டை விடுங்கோப்பா. குளக்கட்டை வெடி வைச்சு உடைப்பிச்சது பெரியதேவரின்ர பகையாளி மாயன். வெள்ளம் ஊருக்குள்ள வந்துது. குளத்துக்குக் கீழ வயல் செய்யிறவனுக்கு அந்தக் காட்சி பார்க்க வயிறு பத்தும். அப்பிடிப்பட்ட சனத்தை விட்டிட்டு ஓட்டல் போடப் போறன் எண்டு மகன் சொன்னால் எந்தத் தேப்பன் ஓமெண்டுவார்?

விசுவமடு வாசகன்:
அப்ப குற்றவாளி மாயன். மகன் இல்லை. நன்றி அண்ணை.

முறிகண்டியான்:
மாயனுக்குச் சாட்டுக் குடுத்தது பூட்டு! பூட்டு! எத்தினை தரம் எழுதுறது? பஞ்சாயத்தில பெரியதேவர் தலைகுனிஞ்சு, அண்டைக்கே உயிர் போனது. சிவாஜி சும்மா இருந்தாலே நடிப்பு. கமல் எழுதின கதையில கமலே பிழைவிட்ட மகன். இதைக்கூட விளங்காதவை விமர்சனம் எழுதினம்.

மல்லாவிக்காரி:
ரேவதிக்குத் தேசிய விருது கிடைச்ச படம். அவ நடிச்ச பஞ்சவர்ணத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. மாப்பிள்ளை ஓடிட்டான் எண்டு சக்தி அவளுக்குத் தாலியைக் கட்டிப்போட்டான். பானுவிட்டை ஆர் கேட்டது? தேப்பனும் மகனும் மூஞ்சையை நீட்டினதுதான் உங்களுக்குப் பெரிசு.

முறிகண்டியான்:
தங்கச்சி, அது வேற கதை. இஞ்ச கதை பூட்டு.

மல்லாவிக்காரி:
ஆர் தங்கச்சி? போனமுறை சிவாஜி திரியில "பொம்பிளையளுக்கு என்ன விளங்கும்" எண்டு கேட்ட ஆள்தானே நீங்கள். மறக்கேல்லை.

முறிகண்டியான்:
பகிடிக்குச் சொன்னது. அது சரி, குளத்தைப் பற்றிக் கதைக்கிற கனகராயன்குளத்தார் 2018 மார்கழியில இரணைமடுக் குளத்து வான்கதவு திறந்து கிளிநொச்சி மிதந்தநேரம் எங்க நிண்டவர்? வவுனியாப் பக்கம் மேட்டில இருந்துகொண்டு வெள்ளக் கதை சொல்லுறார்.

கனகராயன்குளத்தார்:
கனகராயன் ஆறு எங்கட பக்கத்தாலதான் இரணைமடுவுக்கு வருது, ஐசே. தண்ணி எங்கட, வீறாப்பு உங்கட. படத்தில பெரியதேவர் மாதிரிக் கதைக்கிறியள், உங்கட சொந்த மகன் உங்களோட கதைச்சு எவ்வளவு காலம்?

முறிகண்டியான்:
என்ர வீட்டுக் கதையை இஞ்ச இழுத்தால் மரியாதை கெடும்.

விசுவமடு வாசகன்:
அண்ணை, இசக்கி.

முறிகண்டியான்:
கொப்பரிட்டைக் கேள் தம்பி, அவரும் என்னோட இருந்து பார்த்தவர்தான்.

விசுவமடு வாசகன்:
கேட்டனான். அவர் பாதியில நித்திரையாம். நீங்கள் குறட்டை விட்டது மட்டும் ஞாபகமாம்.

கனகராயன்குளத்தார்:
வான்கதவுக்குப் பதில் சொல்லிப்போட்டன். இனி முறிகண்டியார் வாய்க்கால் துப்புரவுச் சிரமதானத்துக்கு ஏன் ஒருக்காலும் வாறேல்லை எண்டு கதைப்பமோ?