40 கிகாபிற் நெடுந்தூர ஒளிநார் இணைப்பு: பண்பேற்ற முறைகளை ஒப்பிட உதவி தேவை

வணக்கம். கொழும்பில் பொறியியல் இறுதியாண்டில் பயிலும் நான், ஒளிச் சைகையை வலுப்படுத்த 80 கிலோமீற்றருக்கு ஒரு எர்பியம் பெருக்கி வீதம் 800 கிலோமீற்றர் நீளும் ஒளிநார் இணைப்பில், செக்கனுக்கு 40 கிகாபிற் வேகத்தில் என்ஆர்செட் (NRZ, ஒளியின் செறிவை இரு மட்டங்களில் மாற்றுவது), டுவோபைனரி (அடுத்தடுத்த பிற்றுகளைச் சேர்த்து மூன்று மட்டங்களாக்குவது), டிபிஎஸ்கே (DPSK, அடுத்தடுத்த பிற்றுகளுக்கு இடையிலான கட்ட வேறுபாட்டில் தரவை ஏற்றுவது) ஆகிய பண்பேற்ற முறைகளைக் கணினிச் சிமுலேஷனில் ஒப்பிட்டு வருகிறேன். வாங்கியிலுள்ள லேசருடன் ஒப்பிட்டு ஒளியின் கட்டத்தையும் அறியும் ஓரியல்பு (coherent) நவீன முறைகள் இவற்றை ஓரங்கட்டிவிட்டன என்பதை அறிவேன். மேற்பார்வையாளர், அத்தகைய லேசர் இன்றி ஒளியின் திறனை மட்டும் அளக்கும் நேரடி உணர்வு முறைகளோடு நிறுத்தச் சொல்லிவிட்டார்.

வேகம் 10 இலிருந்து 40 கிகாபிற்றாக உயரும்போது நிறப்பிரிகையை (வெவ்வேறு அலைநீளங்கள் வெவ்வேறு வேகத்தில் செல்வதால் துடிப்புகள் பரவுவதை) தாங்கும் அளவு 16 மடங்கு சுருங்குவதால், சாதாரண ஒற்றைமுறை நாரில் பிரிகையை ஈடுசெய்யாமல் முதற் பெருக்கியைக்கூட எட்ட முடியவில்லை. குறுகிய நிறமாலை கொண்ட டுவோபைனரி எஞ்சிய பிரிகையை நன்கு தாங்குகிறது. இரு ஒளியுணரிகளின் வேறுபாட்டை எடுக்கும் சமநிலை வாங்கியுடன் டிபிஎஸ்கேக்கோ இரைச்சலில் ஏறத்தாழ 3 டெசிபெல் ஆதாயம் உண்டு. ஆனால் உட்செலுத்தும் திறனைக் கூட்டியதும் டிபிஎஸ்கேயின் கண் வரைபடம் (பிற்றுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்து சைகையின் தெளிவைக் காட்டும் படம்) விரைவாக மூடிவிடுகிறது. இதற்குக் காரணம் நாரின் நேரிலா விளைவால் (ஒளித்திறனுக்கேற்ப ஒளிவிலகல் மாறுவதால்) எழும் கட்ட இரைச்சலா, பிரிகையை ஈடுசெய்யும் நாரை நான் பெருக்கிக்குப் பின்னால் வைத்ததா?

மூன்றையும் ஒரே சராசரித் திறனில் ஒப்பிடுவதா, ஒவ்வொன்றையும் அதனதன் உகந்த திறனில் ஒப்பிடுவதா என்பதையும் அனுபவமுள்ளோர் தெரிவித்தால் நன்றியுடையேன்.