கப்பல் மூழ்கியதே நல்லது என்றாராம், ஸ்டோயிக்குகள் பற்றி ஒரு சந்தேகம்

கம்பத்துக்காரன்:
போன மாதம் கம்பம் மெட்டு இறக்கத்தில் ஜீப்பில் வந்த என்னுடைய ஏலக்காய் 4 மூட்டை மழையில் நனைந்துவிட்டது. பச்சை நிறம் போய், பூஞ்சை பிடித்து, போடியில் பாதி விலைக்குக்கூடக் கேட்க ஆளில்லை. புலம்பியபோது கட்டப்பனை நண்பர் ஒருவர் "ஜீனோ கதையைப் படி" என்றார். ஸ்டோயிக்குகள் என்ற பழைய கிரேக்கத் தத்துவக் கூட்டத்தைத் தொடங்கியவராம் இந்த ஜீனோ. சைப்ரஸ் தீவு வியாபாரி, ஊதாச் சாயம் ஏற்றி வந்த கப்பல் ஏதென்ஸ் துறைமுகத்துக்குப் பக்கத்தில் மூழ்கியது, அதனால்தான் தத்துவத்துக்கு வந்தேன், அதுவே நல்ல பயணம் என்றாராம். சரி, எனக்குக் கடன் இருக்கிறதே? போனது போகட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்காருவதுதான் இந்த ஸ்டோயிக்குகள் சொல்வதா?

குமுளிவாசி:
அண்ணே, ஜீனோ எங்கே உட்கார்ந்தார்? ஏதென்ஸில் ஒரு புத்தகக் கடையில் சாக்ரடீஸைப் பற்றி வாசிக்கக் கேட்டு, இந்த மாதிரி ஆட்கள் எங்கே கிடைப்பார்கள் என்று விசாரிக்க, அந்த நேரம் பார்த்துத் தெருவில் போன கிராட்டஸ் என்ற தத்துவக்காரரைக் கடைக்காரர் காட்டினார், இவர் பின்னாலேயே போய்விட்டார். அப்புறம் சித்திரங்கள் தீட்டிய ஒரு தூண் மண்டபத்தில் பாடம் சொன்னார். அந்த மண்டபத்துக்கு 'ஸ்டோவா' என்று பேர், அதில் வந்ததுதான் ஸ்டோயிக். அவர் சீடர் கிளியாந்தஸ் முன்னாள் குத்துச்சண்டைக்காரர். ராத்திரி தோட்டங்களுக்குத் தண்ணீர் இறைப்பார், பகலில் படிப்பார். இவனுக்குச் சோற்றுக்கு ஏது வழி என்று கோர்ட்டுக்கே இழுத்துவிட்டார்கள், தோட்டக்காரரும் மாவு விற்கும் ஒரு பெண்ணும் வந்து சாட்சி சொன்ன பிறகுதான் விட்டார்கள்.

போடி வாசகன்:
எபிக்டெட்டஸை விட்டுவிட்டீர்களே. அவரும் ஸ்டோயிக்தான், ரோமில் அடிமையாக இருந்தவர், கால் ஊனம். ரோமப் பேரரசர் டொமிஷியன் தத்துவக்காரர்களை விரட்டியபோது கிரேக்கத்தில் இருக்கும் நிக்கோபோலிஸ் போய்ப் பள்ளி வைத்தார். அவர் வீட்டு இரும்பு விளக்கை ஒருவன் திருடிக்கொண்டு போய்விட்டான், நாளைக்கு மண் விளக்கு வாங்கிக்கொள்ளலாம் என்றார், அவ்வளவுதான். நம் கையில் இருப்பது எது, இல்லாதது எது என்று பிரித்துப் பார் என்பதுதான் அவர் திரும்பத் திரும்பச் சொன்னது. மழை உங்கள் கையில் இல்லை. தார்ப்பாய்?

கம்பத்துக்காரன்:
ஓட்டைத் தார்ப்பாய். டிரைவர் சொன்னார், இந்த ஒரு நடைக்கு ஓடும் என்று நான்தான் சொன்னேன்.

மலையோரம்:
எல்லாம் சரி, ரோமானிய ஸ்டோயிக் செனகா? எளிமையைப் பற்றி அத்தனை எழுதியவர் பேரரசர் நீரோவின் ஆசிரியர். 30 கோடி செஸ்டர்ஸ் (ரோமானிய நாணயம்) எப்படிச் சேர்ந்தது என்று அவர் காலத்திலேயே கேட்டார்கள். விளக்கு தொலைத்தவர் சொன்னால் கேட்பேன், இவர் சொன்னால் கொஞ்சம் கஷ்டம்.

குமுளிவாசி:
அந்தச் சந்தேகம் எனக்கும் உண்டு. ஆனால் கார்சிகா தீவில் 8 வருடம் நாடு கடத்தப்பட்டுக் கிடந்தவர், கி.பி. 65-இல் அதே நீரோ உத்தரவில்தான் செத்தார். பணம் அவரைக் காப்பாற்றவில்லை.

கம்பத்துக்காரன்:
எபிக்டெட்டஸிலிருந்தே ஆரம்பிக்கிறேன். கடன் கொடுத்தவரிடம் விளக்குக் கதையைச் சொல்லிப் பார்க்க வேண்டும், மனுஷன் கேட்கிறாரா என்று.