யோசியா ராஜாவின் சீர்திருத்தம்: அத்தனை வைராக்கியம் இருந்தும் கர்த்தரின் கோபம் ஏன் தணியவில்லை?

வேத வகுப்பு ஆசிரியை:

அனைவருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் சபையின் இளைஞர் வேத வகுப்பில் இப்போது 2 இராஜாக்கள் 22, 23 ஆகிய அதிகாரங்களைப் படித்து வருகிறோம். 8 வயதில் யூதாவின் அரசனாகி 31 ஆண்டுகள் எருசலேமில் ஆண்ட யோசியாவைப்போல, முழு இருதயத்தோடு கர்த்தரிடம் திரும்பிய ராஜா அவனுக்கு முன்னும் இல்லை, பின்னும் எழும்பவில்லை என்று 23:25 சாட்சி சொல்கிறது. ஆனால் அடுத்த வசனமோ, அவன் பாட்டனாகிய மனாசே ராஜா மூட்டிய கோபத்தைக் கர்த்தர் விட்டுத் திரும்பவில்லை என்கிறது. இவ்விரண்டு வசனங்களும் அருகருகே நிற்பதைக் கண்ட ஒரு பிள்ளை, அப்படியானால் அவன் செய்ததெல்லாம் வீண்தானா என்று கேட்டது. அரசன் மேலிருந்து கட்டளையிட்டு மக்களைத் திருத்த முடியுமா, முடியாதென்றால் வேதம் இவனை ஏன் இவ்வளவு உயர்த்துகிறது என்பதே எனக்குள் எழுந்த கேள்வி. மேலும், ஆலயத்தில் நியாயப்பிரமாண புஸ்தகம் கண்டெடுக்கப்பட்ட பிறகே சீர்திருத்தம் தொடங்கியதாக 2 இராஜாக்கள் சொல்ல, 2 நாளாகமம் அதற்கு முன்பே தொடங்கிவிட்டதாகச் சொல்கிறது. இதை எப்படி விளக்குவது?

பழைய ஏற்பாட்டு வாசகர்:

சகோதரி, கால வரிசையை முதலில் பார்த்துவிடலாம். 2 நாளாகமம் 34-இன்படி, தன் ஆட்சியின் 8-ஆம் ஆண்டில், அதாவது ஏறக்குறைய 16 வயதில், யோசியா தாவீதின் தேவனைத் தேடத் தொடங்கினான். 12-ஆம் ஆண்டில் மேடைகள் என்னும் உயர்ந்த வழிபாட்டிடங்களையும் விக்கிரகங்களையும் அகற்றத் தொடங்கினான். 18-ஆம் ஆண்டில் ஆலயத்தைப் பழுதுபார்க்கும்போது நியாயப்பிரமாண புஸ்தகம் கிடைத்தது. இராஜாக்களின் ஆசிரியர் அந்தப் புஸ்தகத்தை நடுவில் வைத்து, நடந்தவை அனைத்தையும் அந்த 18-ஆம் ஆண்டைச் சுற்றியே தொகுத்துச் சொல்கிறார். நாளாகமத்தின் ஆசிரியரோ ஒரு சிறுவனின் பக்தி படிப்படியாக வளர்ந்ததைக் காட்ட விரும்புகிறார். எரேமியா தீர்க்கதரிசி அழைக்கப்பட்டது யோசியாவின் 13-ஆம் ஆண்டில் என்பதையும் சேர்த்து வைத்துப் பார்த்தால், புஸ்தகம் கிடைப்பதற்கு முன்பே தேசத்தில் ஓர் அசைவு இருந்தது என்றே நான் கருதுகிறேன்.

அகற்றப்பட்டவை எவை என்பதை வகுப்பில் நிதானமாக வாசிக்கச் சொல்லுங்கள். பாகால் என்னும் கானானிய தெய்வத்துக்கும், வானத்தின் சேனைகளாகிய சூரிய சந்திர நட்சத்திரங்களுக்கும் செய்யப்பட்ட பணிமுட்டுகள் கர்த்தருடைய ஆலயத்துக்குள்ளேயே இருந்தன. சூரியனுக்கென்று வைக்கப்பட்ட குதிரைகள் ஆலயத்தின் வாசலருகே, நாத்தான்மெலெக் என்னும் அதிகாரியின் அறைக்குப் பக்கத்தில் நின்றன. (தாவீதின் நகரத்தில் கிடைத்த ஒரு களிமண் முத்திரையில் நாத்தான்மெலெக் என்ற பெயரும் ராஜாவின் ஊழியன் என்ற பட்டமும் உள்ளன, அது 2019-இல் அறிவிக்கப்பட்டது.) இன்னோம் பள்ளத்தாக்கிலிருந்த தோப்பேத்தில் பிள்ளைகளைத் தீக்கடக்கப் பண்ணினார்கள். அஸ்தரோத், காமோஸ், மில்கோம் என்னும் அந்நிய தெய்வங்களுக்குச் சாலொமோன் கட்டிய மேடைகள், அவன் காலத்துக்கு ஏறக்குறைய 300 ஆண்டுகளுக்குப் பின்னும் எருசலேமுக்கு எதிரே நின்றன. மனாசே ஆண்ட 55 ஆண்டுகளையும் யோசியாவின் தகப்பனாகிய ஆமோனின் 2 ஆண்டுகளையும் கூட்டினால், கர்த்தரை மட்டுமே தொழும் ஆலயத்தைப் பார்த்தே இராத ஒரு தலைமுறைக்கு இந்த இளைஞன் ராஜாவாயிருந்தான் என்பது புரியும்.

உங்கள் முக்கியக் கேள்விக்கு விடை உல்தாள் என்னும் பெண் தீர்க்கதரிசியின் வார்த்தையில் இருக்கிறது. பிரதான ஆசாரியனாகிய இல்க்கியா கண்டெடுத்த புஸ்தகத்தைச் சம்பிரதியாகிய (அரசவை எழுத்தர்) சாப்பான் வாசித்ததும், ராஜா தன் வஸ்திரங்களைக் கிழித்துக்கொண்டு, கர்த்தரிடம் விசாரிக்க ஆட்களை அனுப்புகிறான். நியாயத்தீர்ப்பு வந்தே தீரும், ஆனால் நீ அதைக் காணமாட்டாய் என்று உல்தாள் சொல்லி அனுப்புகிறாள். இது 22-ஆம் அதிகாரத்தின் முடிவு. உடன்படிக்கையும் பஸ்கா பண்டிகையும் பெத்தேலின் பலிபீடத்தை இடித்ததும் 23-ஆம் அதிகாரத்தில், அதாவது அந்தப் பதில் வந்த பிறகு சொல்லப்படுகின்றன. தண்டனை விலகாது என்று தெரிந்தபின்பும் அவன் ஜனங்களைக் கூட்டி, புஸ்தகத்தைத் தானே அவர்கள் காதுகள் கேட்க வாசித்து, நியாயாதிபதிகளின் நாட்கள் முதல் அனுசரிக்கப்படாத விதமாய் பஸ்காவை அனுசரித்தான். பலன் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் செய்யப்படும் கீழ்ப்படிதலைவிட இது எவ்வளவு உயர்ந்தது! 23:25-இன் புகழ்ச்சி இதற்காகவே என்பது என் உறுதியான எண்ணம்.

ஓய்வு பெற்ற போதகர்:

மேலே எழுதிய சகோதரர் ராஜாவின் இருதயத்தைப் பற்றிச் சொன்னதை நான் முழுமையாக ஏற்கிறேன். ஆனால் ஆசிரியை கேட்டது ஜனங்களின் இருதயத்தைப் பற்றியும்தான். அதற்குச் சாட்சி எரேமியா. யோசியாவின் நாட்களிலேயே உரைக்கப்பட்ட எரேமியா 3:10-இல், யூதா தன் முழு இருதயத்தோடு திரும்பவில்லை, கள்ளத்தனமாகத் திரும்பினாள் என்று கர்த்தர் சொல்லுகிறார். அதே ராஜாவின் காலத்துத் தீர்க்கதரிசியான செப்பனியா, வீட்டு மாடிகளின்மேல் வானசேனைகளைப் பணிகிறவர்களைக் கண்டிக்கிறார். தெருவிலிருந்த பலிபீடத்தை அரசனின் ஆட்கள் இடிக்கலாம். ஒவ்வொரு வீட்டின் மாடிக்கும் அவர்கள் ஏறிப் பார்க்க முடியாது. 2 நாளாகமம் 34:33-ஐக் கவனமாக வாசியுங்கள்: தேசத்தார் யாவரையும் கர்த்தரைச் சேவிக்கும்படி அவன் செய்தான், அவன் உயிரோடிருந்த நாளெல்லாம் அவர்கள் விலகவில்லை. அவன் உயிரோடிருந்த நாள்வரைதான்.

இன்னொரு காரியத்தை இளைஞர்களிடம் மறைக்க வேண்டாம். யூதாவின் மேடைகளில் ஊழியம் செய்த ஆசாரியர்களை அவன் எருசலேமுக்கு வரவழைத்தான். அவர்கள் பலிபீடத்தில் ஏற அனுமதிக்கப்படவில்லை என்றாலும், தங்கள் சகோதரர் நடுவே புளிப்பில்லாத அப்பத்தைப் புசித்தார்கள். வட இஸ்ரவேலாகிய சமாரியாவின் மேடைகளில் இருந்த ஆசாரியர்களையோ அந்தப் பலிபீடங்களின்மேலேயே கொன்றான் என்று 23:20 எழுதுகிறது. வட இஸ்ரவேலின் முதல் ராஜாவாகிய யெரொபெயாம் பெத்தேலில் கட்டிய பலிபீடத்தைப் பற்றி 1 இராஜாக்கள் 13-இல் உரைக்கப்பட்ட தீர்க்கதரிசனத்தின் நிறைவேறுதல் அது என்பது உண்மை. ஆயினும், அந்த நாட்களின் யூதா அரசனுக்கு ஒப்புவிக்கப்பட்ட ஒரு நியாயத்தீர்ப்பைத் தன் காலத்து வைராக்கியத்துக்கு முன்மாதிரியாக எவரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. பிற மார்க்கத்தாரின் வழிபாட்டிடத்தின்மேல் கைவைக்க இந்த அதிகாரத்தைச் சுட்டிக்காட்டுகிறவர் அதைத் தவறாகவே வாசிக்கிறார்.

வேத வகுப்பு ஆசிரியை:

இருவருக்கும் மிக்க நன்றி. உல்தாளின் பதில் எந்த இடத்தில் வருகிறது என்பதை நான் இதுவரை கவனித்ததே இல்லை. ஒரு சந்தேகம் இன்னும் இருக்கிறது. சமாதானத்தோடே கல்லறையில் சேர்க்கப்படுவாய் என்று அவள் சொன்ன ராஜா, போர்க்களத்தில் அல்லவா அடிபட்டு இறந்தான்? அவனுக்குப் பின் வந்த அவன் குமாரரும் பொல்லாப்பே செய்தார்கள். அப்படியானால் அந்தச் சீர்திருத்தத்தில் எஞ்சியது என்ன?

வேத வரலாற்று மாணவர்:

யோசியா கி.மு. 609-இல் மெகிதோவில் பார்வோன் நேகோவை எதிர்த்துச் சென்று உயிரிழந்தான். நேகோ அசீரியருக்குத் துணையாக ஐப்பிராத்து நதியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தான். உன்னோடு எனக்கு வழக்கில்லை என்று சொல்லியும் அனுப்பினான். அந்த வார்த்தை தேவனுடைய வாயிலிருந்தே வந்தது, யோசியா அதற்குச் செவிகொடுக்கவில்லை என்று 2 நாளாகமம் 35 வெளிப்படையாகச் சொல்கிறது. வைராக்கியமுள்ள மனிதனுக்கும் கேட்கத் தவறும் ஒரு வேளை உண்டு. உல்தாளின் வாக்கைப் பொறுத்தவரை, எருசலேமின் அழிவை உன் கண்கள் காண்பதில்லை என்று அவளே அதை விளக்கிவிடுகிறாள். நகரம் விழுந்தது அவன் இறந்து இருபது ஆண்டுகளுக்கும் மேலான பின்பே.

எஞ்சியது என்ன என்ற கேள்விக்குச் சாப்பானின் குடும்பத்தைப் பின்தொடர்ந்து பாருங்கள். எரேமியாவைக் கொல்லும்படி ஜனங்களின் கையில் ஒப்புக்கொடாமல் காத்தவன் சாப்பானின் குமாரனாகிய அகீக்காம். பாபிலோனிலிருந்த சிறைப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதிய நிருபத்தைக் கொண்டுபோனவர்களில் ஒருவன் சாப்பானின் குமாரனாகிய எலாசா. எரேமியா சொல்லச் சொல்லத் தான் எழுதிய புஸ்தகச்சுருளைப் பாருக் ஜனங்களுக்கு வாசித்தது சாப்பானின் குமாரனாகிய கெமரியாவின் அறையில். யோசியாவின் மகனும் ராஜாவுமாகிய யோயாக்கீம் அந்தச் சுருளைச் சுட்டெரிக்க வேண்டாம் என்று வேண்டிக்கொண்டவர்களில் அந்தக் கெமரியாவும் இருந்தான். எருசலேம் விழுந்தபின் எரேமியா போய்ச் சேர்ந்தது, அகீக்காமின் குமாரனாகிய கெதலியாவிடம், மிஸ்பாவில். ஆணையிட்டுத் திருத்தப்பட்ட தேசம் சில ஆண்டுகளில் பழைய வழிக்கே திரும்பியது. அந்தப் புஸ்தகத்தைக் கையில் எடுத்து ராஜாவுக்கு வாசித்த மனிதனின் வீடு மூன்று தலைமுறைகளாகத் தீர்க்கதரிசியின் பக்கம் நின்றது.

இதையும் அளவுக்கு மீறி அழகுபடுத்தக் கூடாது. யோசியா இறந்து ஏறக்குறைய 17 ஆண்டுகளுக்குப் பின், எசேக்கியேல் 8-இல், ஆலயத்துக்குள் விக்கிரகங்களுக்குத் தூபங்காட்டும் 70 மூப்பர்களின் நடுவே சாப்பானின் குமாரனாகிய யசனியா நிற்கிறான். அது இதே சாப்பான் என்றால், அந்த வீட்டிலும் எல்லாரும் ஒரே பக்கம் நிற்கவில்லை.

யோசியாவின் மகனிடம் எரேமியா 22:15, 16-இல் சொல்லப்படுவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உன் தகப்பன் நியாயமும் நீதியும் செய்தான், சிறுமையும் எளிமையுமானவனுடைய வழக்கை விசாரித்தான், என்னை அறிவது இதுவல்லவா என்கிறார் கர்த்தர். இடிக்கப்பட்ட பலிபீடங்களைப் பற்றி அங்கே ஒரு சொல்லும் இல்லை.

வகுப்பில் 2 இராஜாக்கள் 22-ஐ எரேமியா 36-உடன் ஒரே அமர்வில் வாசிப்பது நல்லது. தகப்பன் புஸ்தகத்தின் வார்த்தைகளைக் கேட்டுத் தன் வஸ்திரங்களைக் கிழித்தான். மகன் சுருளைச் சூரிக்கத்தியால் அறுத்துத் தீயில் எறிந்தான். அவனும் அவனுடைய ஊழியரும் தங்கள் வஸ்திரங்களைக் கிழித்துக்கொள்ளவில்லை என்று 36:24 குறிப்பிட்டே எழுதுகிறது.