மழலையர் பள்ளி: புகாரை எங்கே கொடுப்பது?

மகளுக்கு மூன்றரை வயது. ஜூன் முதல் கோவையில் ஒரு தனியார் மழலையர் பள்ளிக்குப் போகிறாள். ஒரே அறையில் 34 குழந்தைகள், ஓர் ஆசிரியை. ஆயா அரை நாள்தான். ஆகஸ்டிலிருந்து ஈர உடையோடு திரும்புகிறாள், சாப்பாட்டு டப்பா திறக்காமலே வருகிறது, இரவில் திடுக்கிட்டு அழுகிறாள். விளையாட்டே கிடையாது. ‘அ’னாவை நான்கு பக்கம் எழுத வேண்டுமாம், பென்சில் பிடிக்கவே தெரியாத கைக்கு!

ஆசிரியையிடம் இரண்டு முறை பேசினேன். பாவம், அவர் என்ன செய்வார். முதல்வர் ‘பழகிவிடும்’ என்றார். 20 குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியை, ஓர் உதவியாளர் என்னும் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டுதலை அச்செடுத்துக் கொடுத்தேன். பதிலில்லை. வேறு பள்ளிக்கு மாற்றினால் ஆண்டுக் கட்டணம் திரும்பாது.

கோவையில் எந்த அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தால் நேரில் வந்து ஆய்வு செய்வார்கள்?