மணி பிளான்ட் கடிச்ச பூனை, எந்தச் செடிய வெக்கலாம் எத எடுக்கணும்?

சுண்டு_அம்மா (தண்டையார்பேட்டை)

எல்லாருக்கும் வணக்கம். நாங்க மூணாவது மாடில வாடகைக்கு இருக்கோம், பால்கனி ஆறடி இருக்கும், அதுலதான் என் தொட்டி எல்லாம். சோத்துக்கத்தாழை, கற்பூரவல்லி, துளசி, ஒரு ஸ்நேக் பிளான்ட், அப்புறம் போன மாசம் பெரம்பூர்ல ஒரு நர்சரில வாங்கின டம்ப் கேன், பெரிய எலைல வெள்ளையா புள்ளி புள்ளியா இருக்குமே அது. ஹால்ல பாட்டில் தண்ணில மணி பிளான்ட். மூணு மாசம் முன்னாடி மழைல மாடிப்படிக்குக் கீழ கத்திக்கிட்டிருந்த குட்டிய எடுத்துட்டு வந்தோம், பேரு சுண்டு, இப்ப அஞ்சு மாசம் இருக்கும்.

நேத்து சாயங்காலம் வேலைல இருந்து வந்து பாத்தா மணி பிளான்ட் எலைல வரிசையா பல்லு பதிஞ்ச ஓட்டை. சுண்டு வாய்ல எச்சி நூல் மாதிரி தொங்குது, முன்னங்காலால வாயத் தேச்சுக்கிட்டே இருக்கான். காசிமேட்டு நெத்திலி வேகவெச்சா வாசனைக்கே அடுப்படிக்கு ஓடி வர்றவன், நேத்து மோந்து பாத்துட்டுத் திரும்பிட்டான். எனக்குக் கை காலே ஓடல. காலைல கொஞ்சம் சாப்ட்டான், இப்ப தூங்குறான்.

மாமியார் செடிய எல்லாம் தூக்கிப் போடு இல்ல பூனைய வெளிய விடுன்றாங்க. நெட்ல பாத்தா இருக்குற செடி எல்லாமே விஷம்னு போட்டிருக்கு. எது நிஜமாவே உயிருக்கு ஆபத்து, எது வாய் வயிறோட போயிடும், தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

ராயபுரம்_மாடித்தோட்டம்

பயப்படாதீங்க சிஸ்டர், சாப்ட்டுட்டான்னா பெரும்பாலும் கண்டம் தாண்டியாச்சு. சேனைக்கிழங்கு சரியா வேகலன்னா நாக்கு தொண்டை எல்லாம் அரிக்குமே, அதுக்குத்தானே புளி போட்டு வேகவெக்கிறோம், மணி பிளான்ட்லயும் அதேதான். ரெண்டும் ஒரே குடும்பம். எலைக்குள்ள ஊசி ஊசியா கால்சியம் ஆக்சலேட் இருக்கு, கடிச்சதும் வாய்ல குத்தும், அதான் எச்சி ஒழுகுது. எரியுறதால பூனை நிறைய தின்னாது, அந்த வகைல அது நல்லது. ஈரத்துணியால வாயத் தொடச்சு விட்டு தண்ணி பக்கத்துல வெச்சா போதும். நாக்கு வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ மட்டும் உடனே தூக்கிட்டு ஓடுங்க.

டம்ப் கேனும் இதே ரகம் ஆனா எரிச்சல் இன்னும் ஜாஸ்தி, அத வெளிய குடுத்துடுங்க. சோத்துக்கத்தாழைல தோலுக்கு அடில மஞ்சப் பால் வருமே, நாட்டு மருந்துக் கடைல கரியபோளம்னு விக்கிறது அதக் காய்ச்சினதுதான், பேதிக்குக் குடுக்குறது. பூனை தின்னா வாந்தி பேதிதான். ஸ்நேக் பிளான்ட், கற்பூரவல்லி ரெண்டும் வயித்தக் கெடுக்கும், உயரத்துல மாட்டிடுங்க.

வியாசர்பாடி_நாலுபூனை

எங்க வீட்ல நாலு பூனை, மணி பிளான்ட் இருபது வருஷமா ஜன்னல்ல படர்ந்து கெடக்கு, ஒண்ணும் ஆனதில்ல. பூனைக்கு எது ஆகும் ஆகாதுன்னு தானா தெரியும் சகோ. தெருப் பூனை எல்லாம் யார் கிட்ட கேட்டு தின்னுது?

பழைய_வண்ணை_ஜன்னல்

நாலுபூனை அண்ணா, நானும் அப்படித்தான் நம்பிக்கிட்டிருந்தேன். 2019ல எங்க கல்யாண நாளுக்கு ஆபீஸ்ல இருந்து பெரிய பொக்கே குடுத்தாங்க, நடுவுல நாலஞ்சு லில்லி, வெள்ளைல ரோஸ் கலர் ஓடுற பெரிய பூ, வீடு பூரா வாசனை. ஜாடில தண்ணி ஊத்தி டிவி பக்கத்துல வெச்சேன். எங்க முத்து தூய வெள்ளை. ராத்திரி பாத்தா மூக்குலயும் நெஞ்சுலயும் ஆரஞ்சா தூள் ஒட்டியிருக்கு, அத அவனே நக்கி நக்கி சுத்தம் பண்ணிக்கிட்டிருந்தான், அழகா இருக்குன்னு போட்டோ வேற எடுத்தேன். ராத்திரி ரெண்டு தடவ வாந்தி. காலைல வாந்தி நின்னுடுச்சு, சரியாயிடுச்சுன்னு நெனச்சு வேலைக்குப் போயிட்டேன். அடுத்த நாள் ஒண்ணுக்கே போகல. டாக்டர் ரத்தம் எடுத்துப் பாத்துட்டு கிட்னி ரெண்டும் போச்சும்மான்னு சொன்னார், நாலாம் நாள் போயிட்டான்.

அப்புறம்தான் படிச்சேன். நிஜ லில்லில பூ, எலை, தண்டு, மகரந்தம், ஜாடித் தண்ணி எல்லாமே பூனைக்கு கிட்னிய அடிக்கும். நாய்க்கு அப்படி ஆகாது, பூனைக்குத்தான். அந்த விஷம் என்னன்னு இன்னும் சரியா கண்டுபிடிக்கல. நடுவுல சரியான மாதிரி தெரியுற அந்த நேரத்துலதான் நாம ஏமாந்துடுறோம். 18 மணி நேரத்துக்குள்ள கொண்டு போய் ரெண்டு மூணு நாள் டிரிப்ஸ் ஏத்தினா பொழைக்க நல்ல வாய்ப்பு இருக்கு. கிட்னி நின்னு போன பிறகு கஷ்டம்.

தயவுசெஞ்சு மணி பிளான்ட்டுக்கு பயப்படுறத விட பொக்கேக்கு பயப்படுங்க. பூனை இருக்குற வீட்டுக்குப் போறவங்களும் லில்லி வாங்கிட்டுப் போகாதீங்க, ரோஜா கேளுங்க.

சுண்டு_அம்மா

படிச்சிட்டு அழுகையே வந்துடுச்சுக்கா. அடுத்த வாரம் நாத்தனாருக்கு நிச்சயதார்த்தம், வர்ற பொக்கே எல்லாம் எங்க வீட்லதான் வெப்பாங்க, இப்பவே சொல்லிடுறேன். பீஸ் லில்லின்னு ஒண்ணு பக்கத்து வீட்ல இருக்கு, அதுவும் இதேவா?

ராயபுரம்_மாடித்தோட்டம்

பேருலதான் லில்லி, அது மணி பிளான்ட் குடும்பம், வாய் எரிச்சலோட சரி. ஆனா வேற சிலது மறக்காம பாத்துக்கோங்க. அரளி, செங்காந்தள், நித்தியகல்யாணி மூணும் நம்ம பக்கம் எல்லா வீட்லயும் மொளைக்கும், மூணுமே மோசம். நர்சரில சைக்கஸ்னு குட்டிப் பனை மாதிரி விக்கிறாங்களே, அது கல்லீரல அடிக்கும், கொட்டைதான் ரொம்ப விஷம். தொட்டில பூச்சிக்கு குருணை மருந்து போடுறவங்க அதையும் நிறுத்திடுங்க, செடிய விட அது கொல்லும்.

வெக்கணும்னா அரேகா பாம், ஸ்பைடர் பிளான்ட், ரோஜா, மல்லி வைங்க.

ஏதாவது தின்னுட்டா உப்புத் தண்ணி குடுத்து வாந்தி எடுக்க வெக்காதீங்க. வலிக்குதேன்னு வீட்ல இருக்குற பாராசிட்டமால் குடுத்துடாதீங்க, பூனைக்கு அது விஷம். கடிச்ச எலைய ஒரு கவர்ல போட்டு எடுத்துட்டு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போங்க, நம்ம ஏரியாவுக்கு அதான் கிட்ட.

வியாசர்பாடி_நாலுபூனை

வண்ணைக்காரம்மா, லில்லி விஷயம் சத்தியமா எனக்குத் தெரியாது, மன்னிச்சுக்கோங்க. எங்க பொண்ணு பர்த்டேக்கு கூட ஒண்ணு வந்துச்சு, நல்ல வேளை மொட்டை மாடில வெச்சோம்.

சுண்டு அம்மா, எலை கடிக்கிறது நிக்கணும்னா புல்லு குடுங்க. நான் கோதுமைய ஒரு ராத்திரி ஊறவெச்சு சின்ன டப்பால மண்ணு போட்டு தூவிடுவேன், ஒரு வாரத்துல விரல் நீளம் வந்துடும், நாலும் அதத்தான் மேயுது. அருகம்புல்லும் ஓகே. எங்க ஆயா குப்பைமேனிய பூனைவணங்கின்னுதான் சொல்லும், வேரப் புடுங்கிப் போட்டா பூனை அதுல பொரண்டுக்கிட்டே கெடக்கும்.

சுண்டு_அம்மா

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. டம்ப் கேன கீழ் வீட்டு அக்காவுக்குக் குடுத்துட்டேன், அவங்க வீட்ல பூனையும் இல்ல கொழந்தையும் இல்ல. மணி பிளான்ட்ட பரண் மேல ஏத்தியாச்சு, கொடி தொங்காம சுத்தி வெச்சிருக்கேன். மாமியாரே ஒரு பிடி கோதுமைய எடுத்து ஊறப் போட்டுட்டாங்க. சுண்டு சாயங்காலம் நெத்திலி முழுசா சாப்ட்டான்.