பகைவர் இறந்தபோது மனம் லேசானது, இது பாவமா?

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். கொஞ்சம் வெட்கத்தோடுதான் கேட்கிறேன்.

எங்கள் அப்பாவை ஏமாற்றி, பொய் வழக்கும் போட்டு, பத்து வருஷம் அலையவிட்ட ஒருவர் நேற்று காலமாகிவிட்டார். செய்தி வந்தபோது துணி மடித்துக்கொண்டிருந்தேன். கையிலிருந்த சட்டையை மடித்து முடித்துவிட்டு, "அப்பாடா" என்றேன். வாய் தானாகச் சொன்னது. பக்கத்தில் நின்ற மகள் என்னையே பார்த்தாள்.

இரவு வேதத்தை எடுத்தால் குழப்பம் கூடியதுதான் மிச்சம். சத்துரு விழும்போது சந்தோஷப்படாதே என்கிறது நீதிமொழிகள் 24:17. அதே புத்தகம் 11:10-இல், துன்மார்க்கர் அழிந்தால் கெம்பீரம், அதாவது ஆனந்த முழக்கம், உண்டாகும் என்கிறது. இஸ்ரவேலரைத் துரத்திய எகிப்து ராஜா பார்வோனின் சேனை கடலில் மூழ்கியதும் மோசேயின் சகோதரி மிரியாம் தம்புரு எடுத்து ஆடிப்பாடுகிறாள் (யாத்திராகமம் 15). தாவீதோ, தன்னைக் கொல்லத் துரத்திய சவுலுக்காக வஸ்திரத்தைக் கிழித்து அழுகிறான் (2 சாமுவேல் 1). நான் மிரியாமும் இல்லை, தாவீதும் இல்லை. அழுகை வரவில்லை, ஆடவும் தோன்றவில்லை.

சத்துருக்களைச் சிநேகியுங்கள் என்ற இயேசுவின் வார்த்தை உயிரோடிருப்பவருக்கு மட்டும்தானா? இறந்தவரை மன்னிப்பது எப்படி? அவருக்காக ஜெபிக்கலாமா? கத்தோலிக்க நண்பர் தாராளமாக என்கிறார், எங்கள் போதகர் கூடாது என்கிறார். அடக்க ஆராதனைக்குப் போனால் நடிப்பாகிவிடுமோ என்ற பயமும் இருக்கிறது.

வசனம் மட்டும் அனுப்பாதீர்கள், தயவுசெய்து. இப்படி ஒரு சாவைக் கடந்து வந்தவர்கள் என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். அடக்கம் நாளை மாலை.