ஜெர்மனி போற தங்கச்சிக்கு என்னென்ன கட்டிக் குடுக்கலாம்?

வெளிநாட்டுல இருக்குற டெல்டா மக்களே, ஒரு ஹெல்ப். தங்கச்சி மன்னார்குடில இருந்து ஜெர்மனிக்கு படிக்கப் போறா. அண்ணன் சிங்கப்பூர்ல இருக்காரு, அங்க லிட்டில் இந்தியாவுல வாழை இலை மொதக்கொண்டு கிடைக்குது, அதனால அவரு போனப்ப யாரும் அலட்டிக்கல, இவளுக்குத்தான் அம்மா வீட்டையே மூட்டை கட்டுறாங்க.

இந்தியால இருந்து ஐரோப்பாவுக்கு பால் அயிட்டம், கறி எதுவும் பெட்டில கொண்டு போகக்கூடாது, அதனால நெய், பால்கோவா அவுட். சான்றிதழ் இல்லாம பச்சை கறிவேப்பிலையும் முடியாது. ஆனா மீன் 20 கிலோ வரைக்கும் விடுவாங்க, அப்ப கருவாடு போகலாம் (பக்கத்து சீட்டுக்காரரு பாவம்).

அங்க சூப்பர்மார்க்கெட் தயிர் நம்ம வீட்டுத் தயிர் மாதிரி புளிக்குமா, அதையே உறை ஊத்தினா தோயுதா? புழுங்கலரிசி ஈழத்தமிழர் கடைல கிடைக்கும்ங்கறாங்க, சின்ன ஊர்லயும் அந்தக் கடை இருக்கா இல்ல பெர்லின் மாதிரி பெரிய ஊர்லதானா? குளிர்ல இட்லி மாவ எப்படி பொங்க வைக்கிறீங்க? சிக்கரி கலந்த காபித்தூள் இங்கேருந்தே அரைச்சுக் குடுத்துடவா?

அப்புறம் முக்கியமா, மோர் மிளகாய் பால் அயிட்டம் கணக்குல வருமா? கொண்டு போனவங்க யாராவது சொல்லுங்க, அம்மா ஏற்கனவே காய வச்சுட்டாங்க.